மூன்று முறை வெளியேறிய டிரம்மர்: டேவ் லொம்பார்டோ, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்லேயர் என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவிலிருந்து டிரம்மர் டேவ் லொம்பார்டோ மூன்று முறை வெளியேறியிருக்கிறார்: 1986, 1992, 2013. வேகம் குறைந்துவிட்டது, கை தளர்ந்துவிட்டது, மேடையில் தடுமாறினார் என்ற பேச்சு மூன்று தடவையும் எழவில்லை. ஹெவி மெட்டலில் டிரம்ஸ் வாசிக்கும் முறையையே மாற்றியவர்களில் ஒருவர் என்று சக டிரம்மர்கள் ஒப்புக்கொண்ட மனிதர் அவர். தான் சேர்ந்து உருவாக்கிய குழுவிலேயே அவருக்கு நிலையான இடம் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு யார் பெயரில் பதிவாகிறது, வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள் அவருடைய வாழ்க்கையை அவர் வாசிப்பைவிட அதிகமாகத் தீர்மானித்தன.

லொம்பார்டோ 1965 பிப்ரவரி 16 அன்று கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் அருகே சவுத் கேட் என்ற ஊரில் தங்கியது. 1981இல் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தபோது கிட்டார் கலைஞர் கெரி கிங்கைச் சந்தித்தார். இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹானமன், பாஸ் கிட்டார் வாசித்துப் பாடும் டாம் அராயா இருவரும் சேர, நால்வர் குழு ஹன்டிங்டன் பார்க்கில் உருவானது. முதல் ஆல்பமான ‘ஷோ நோ மெர்சி’ 1983இல் வந்தது. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் சுவாச சிகிச்சையாளராக வேலை பார்த்த அராயா தன் சம்பளத்தைப் போட்டார். மீதியைக் கிங்கின் தந்தையிடம் கடனாக வாங்கினார்கள். பதினெட்டு வயது லொம்பார்டோ போட்டது உழைப்பு. உழைப்புக்குப் பற்றுச்சீட்டு எழுதும் பழக்கம் எந்த இளைஞர் குழுவிலும் கிடையாது.

அவர் செய்த வேலை

1986 அக்டோபரில் வெளிவந்த ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பாடல்கள், மொத்தம் சுமார் 29 நிமிடங்கள். ஹிப் ஹாப்புக்குப் பேர்போன டெஃப் ஜாம் நிறுவனத்தின் ரிக் ரூபின் தயாரிப்பாளர். மெட்டல் ஆல்பங்களில் அப்போது வழக்கமாக இருந்த எதிரொலிப் பூச்சை அவர் வழித்தெடுத்துவிட்டார். எதிரொலி இருந்தால் டிரம்மரின் சிறு பிசிறுகள் அதற்குள் மறைந்துவிடும். இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு அடியும் தனியாக, உலர்ந்து, காதருகே விழுகிறது. ஒளிந்துகொள்ள இடமில்லாத ஒலிப்பதிவு அது.

முதல் பாடலான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ முடிவை நெருங்கும்போது கிட்டார்களும் குரலும் சட்டென்று நின்றுவிடுகின்றன. லொம்பார்டோவின் இரு கால்கள் மட்டும் பாஸ் டிரம்களில், அதாவது பெடலைக் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்களில், ஓடுகின்றன. சில நொடிகள்தான். பிறகு முழுக் குழுவும் ஒரே அடியில் உள்ளே வந்து விழுகிறது. இந்தச் சில நொடிகளை வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்யாத மெட்டல் டிரம்மர் அடுத்த தலைமுறையில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதன் வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 210 தாள அடி என்றால் நொடிக்கு மூன்றரை. ஒவ்வொரு அடியையும் நான்காகப் பகுத்து பாஸ் டிரம்மில் வாசித்தால் நொடிக்கு 14 அடிகள், ஒரு காலுக்கு ஏழு. குதிகாலைத் தரையில் ஊன்றி இதைச் செய்ய முடியாது. குதிகால் மேலே எழும்பி, கணுக்காலும் முன்பாதமும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் உடலின் எடையைத் தாங்க இருக்கையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இடுப்பு ஆடினால் கை தவறும்.

லொம்பார்டோ இதற்கு இரண்டு தனி பாஸ் டிரம்களை வைத்துக்கொண்டார். ஒரே டிரம்மில் இரட்டை பெடல் பொருத்தி வாசிக்கும் முறையும் உண்டு. அது மலிவு, வண்டியில் இடமும் மிச்சம். ஆனால் முதல் அடியில் அதிர்ந்துகொண்டிருக்கும் அதே தோலில் இரண்டாவது அடி விழுவதால் வேகத்தில் ஒலி சற்றுக் குழையும். இரண்டு டிரம் இருந்தால் ஒன்று ஒலிக்கும்போது மற்றொன்று அடங்க நேரம் கிடைக்கும்.

வேகத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவரைவிட வேகமாக வாசிப்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருடைய தனித்தன்மை தாளத்தை முன்னோக்கித் தள்ளுவதில் இருக்கிறது. கிட்டார் பகுதி மாறுவதற்கு அரை நொடி முன்பே டிரம்மில் ஒரு பதற்றம் தெரியும். அடுத்த பகுதிக்குள் பாட்டை இழுத்துக்கொண்டு போவது அவர்தான். பிற்காலத்தில் மெட்டல் ஆல்பங்களின் டிரம்ஸ் அடிகளைக் கணினியில் கட்டம் போட்டு நேராக்கும் வழக்கம் பரவியது. அப்படிச் செய்தால் முதலில் செத்துப்போவது இந்தத் தள்ளல்தான்.

பெயர் இல்லாத இடம்

இப்போது அதே ஆல்பத்தின் உறையைத் திருப்பிப் பாருங்கள். இசை: ஹானமன், கிங். பாடல் வரிகள்: ஹானமன், கிங். எழுதியவர்கள் வரிசையில் லொம்பார்டோ இல்லை.

இதில் மோசடி எதுவும் இல்லை. பதிப்புரிமை நடைமுறையில் ‘பாட்டு’ என்பது மெட்டும் வரிகளும். டிரம்மர் கண்டுபிடித்து வைக்கும் தாளக்கட்டு பொதுவாக ‘வாசிப்பு’ என்ற கணக்கில் சேரும். ஹானமன் ஒரு கிட்டார் துணுக்கோடு வருகிறார், லொம்பார்டோ அதற்கு ஒரு முதுகெலும்பைக் கொடுக்கிறார், பதிவேட்டில் துணுக்கு மட்டும் ஏறுகிறது. மெட்டல் போன்ற இசையில் இந்தப் பாகுபாடு மிகவும் செயற்கையானது என்பது என் கருத்து. ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டிலிருந்து டிரம்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவதை யாரும் அந்தப் பாட்டு என்று அடையாளம் சொல்ல மாட்டார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

பணத்தில் இது எவ்வளவு? 1986இல் அமெரிக்காவில் ஒரு பாட்டின் ஒரு பிரதிக்கு, அதை எழுதியவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை 5 சென்ட். ‘ரெய்ன் இன் பிளட்’ 1992இல் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தகட்டுச் சான்று பெற்றது. பத்துப் பாடல், 5 சென்ட், ஐந்து லட்சம் பிரதி என்று பெருக்கினால் இரண்டரை லட்சம் டாலர். நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இந்த விகிதத்தை முக்கால் பங்காகக் குறைத்துவிடும். அப்படிக் குறைத்தாலும் 1,87,500 டாலர். இது ஸ்லேயரின் உண்மைக் கணக்கல்ல, பாட்டில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரத்தைக் காட்டும் மாதிரிக் கணக்கு. எழுதியவர்களின் பணம் முதல் பிரதியிலிருந்தே சேரத் தொடங்கும். வாசித்தவர்களின் பங்கோ, நிறுவனம் கொடுத்த முன்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் கழிந்த பிறகுதான் கண்ணில் படும். அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்கு இன்றுவரை இல்லை.

ஆகவே டிரம்மரின் கைக்கு வரும் பணம் மேடையிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஆல்பம் வெளியான சில வாரங்களிலேயே, சுற்றுப்பயணத்தின் நடுவில் லொம்பார்டோ குழுவை விட்டு விலகினார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: பெரிய நிறுவனத்தோடு, தொழில்முறையாக இதைச் செய்வதென்றால் தன் வீட்டு வாடகையும் மின்கட்டணமும் கட்ட முடிய வேண்டும். மெட்டல் வரலாற்றின் முக்கியமான ஆல்பம் ஒன்றை வாசித்து முடித்த கையோடு ஒருவர் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. விப்லாஷ் குழுவின் டோனி ஸ்காலியோன் அவர் இடத்தில் உட்கார்ந்து பயணத்தை நடத்திக் கொடுத்தார். 1987இல் மனைவியின் வற்புறுத்தலால் லொம்பார்டோ திரும்பினார். ‘சவுத் ஆஃப் ஹெவன்’, ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’ என்ற இரண்டு ஆல்பங்கள் 1988இலும் 1990இலும் வந்தன.

முதல் விலகலிலேயே இரு தரப்பும் ஒவ்வொரு பாடம் கற்றிருக்க வேண்டும். தான் விலகினாலும் பயணம் நிற்காது என்று டிரம்மரும், அவர் திரும்பி வருவார் என்று குழுவும். இரண்டாவது பாடத்தைக் குழு நன்றாகவே கற்றுக்கொண்டதாகத் தெரிகிறது.

வெளியே ஒன்பது ஆண்டுகள்

1992இல் முதல் குழந்தை பிறக்கவிருந்த சமயம். பிரசவத்தின்போது வீட்டில் இருக்க வேண்டும் என்ற விருப்பமும், ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த மனக்கசப்பும் சேர்ந்து இரண்டாவது விலகல் நடந்தது. பால் போஸ்டாஃப் வந்தார். அவரோடு பதிவு செய்த ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ 1994இல் அமெரிக்க ஆல்பம் விற்பனையைக் காட்டும் பில்போர்டு பட்டியலில் எட்டாவது இடத்தைப் பிடித்தது. ஸ்லேயர் அதுவரை தொடாத உயரம். லொம்பார்டோ இல்லாமல் ஸ்லேயர் இல்லை என்று சத்தியம் செய்யும் ரசிகர்கள் இந்த எண்ணைப் பேச விரும்புவதில்லை. காதுக்கு அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். பேரம் பேசும் மேசையில் பேசியது எட்டாம் இடம்தான்.

லொம்பார்டோவின் வாழ்க்கையில் இசையளவில் செழிப்பான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். வால்டெமார் சோரிக்டாவோடு கிரிப் இங்க் என்ற குழுவைத் தொடங்கி, மெட்டலுக்குள் பிற தாள வாத்தியங்களின் ஒலியையும் கொண்டுவந்தார். 1999இல் டெஸ்டமென்ட் குழுவின் ‘தி கேதரிங்’ ஆல்பத்துக்கு வாசித்தார். அதே ஆண்டில் விவால்டியின் இசையை டிரம்ஸோடு இணைத்த ஓர் இத்தாலிய முயற்சியிலும் இருந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்னோடு வாசித்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடகர் மைக் பேட்டனின் ஃபான்டோமாஸ் குழு.

ஃபான்டோமாஸ் இசையில் பழகிய அர்த்தத்தில் பாட்டே இல்லை. பத்து நொடி வெறிக்கூச்சல், மூன்று நொடி அமைதி, திடீரென்று ஒரு கேலிச்சித்திர ஒலி, மீண்டும் இடி. தாளம் நிலைபெறும் முன்பே அறுந்துவிடும். மேடையில் டிரம்மரின் கண் பேட்டனின் கையிலிருந்து அகலக் கூடாது. ஸ்லேயரில் பாட்டை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடியவர், இங்கே எப்போது நிற்பது என்பதைக் கற்றார். 2001க்குப் பிறகு ஸ்லேயரில் அவர் வாசித்ததைக் கேட்டால் அந்தப் பயிற்சி தெரிகிறது. பழைய பாடல்களிலேயே அடிகளுக்கு இடையில் காற்று புகுந்திருக்கிறது.

திரும்பி வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். 2001 இறுதியில் முழங்கை பாதிப்பால் போஸ்டாஃப் விலகினார். இந்தத் தொழிலில் உடம்புதான் மூலதனம், அதற்குக் காப்பீடு குறைவு. அயர்ன் மெய்டன் குழுவின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, மீண்டு வந்து வாசித்து, 2024 டிசம்பரில் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். ஸ்லிப்நாட் குழுவின் டிரம்மராக இருந்த ஜோயி ஜோர்டிசனுக்குத் தண்டுவட நரம்பு அழற்சி வந்து கால்கள் செயலிழந்தன. அவர் 2021இல் 46 வயதில் இறந்தார்.

அந்த ஜோர்டிசனும் லொம்பார்டோவும் ஒரே நாளில் ஒரே இருக்கையில் அமர்ந்த சம்பவம் ஒன்று உண்டு. 2004 ஜூன், இங்கிலாந்தின் டொனிங்டன், டவுன்லோட் திருவிழா. மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் உடல்நலம் குன்றி வர முடியவில்லை. லொம்பார்டோ ஏறி ‘பேட்டரி’, ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ என்ற இரண்டு பாடல்களை வாசித்தார். பெரும்பகுதியை ஜோர்டிசன் வாசித்தார். வாசிப்பில் உல்ரிக்கைவிட லொம்பார்டோ தேர்ந்தவர் என்பதில் மெட்டல் உலகில் அதிகம் சண்டை இருக்காது. ஆனால் உல்ரிக் அந்தக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர். மெட்டாலிகாவின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் ஒரு நாள் வராவிட்டால் அவர் இடத்தை நிரப்ப ஒருவருக்கு மேல் தேவைப்பட்டார்கள், பிறகு அந்த இடம் அவருக்கே திரும்பியது.

2013

திரும்பி வந்த பத்தாண்டுகள் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தன. 2006இல் ‘கிறைஸ்ட் இல்யூஷன்’, 2009இல் ‘வேர்ல்ட் பெயின்டட் பிளட்’. 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு கிராமி விருதுகள். கிராமியின் அந்தப் பிரிவு பாட்டின் நிகழ்த்துதலுக்கானது, எழுதியதற்கானதல்ல.

2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பயணம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அந்தப் பயணத்தில் தான் இல்லை என்று லொம்பார்டோ பொதுவில் அறிவித்தார். பயண வருமானத்தில் 90 சதவீதம் செலவு என்ற பெயரில் கழிக்கப்படுவதைத் தான் கண்டறிந்ததாகவும், மிஞ்சிய 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான் நால்வருக்கும் பங்காக வந்ததாகவும் எழுதினார். விவரமான கணக்கைப் பார்க்கத் தனக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றும், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை பணம் தரப்படாது என்று சொல்லப்பட்டதாகவும், கணக்கைப் பார்க்கும் உரிமை அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்றும் சொன்னார். குழுவின் பதில் வேறு விதமாக இருந்தது. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நிபந்தனைகளுக்கு மாறாக, புறப்பட ஒரு வாரம்கூட இல்லாதபோது அவர் முற்றிலும் புதிய நிபந்தனைகளோடு வந்தார் என்றார்கள். ஜான் டெட்டே என்ற டிரம்மர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அதன் பின் போஸ்டாஃப் திரும்பினார். மே மாதம் ஹானமன் இறந்தார்.

90 சதவீதம் என்றதும் கொள்ளை என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். இசைத் தொழிலில் மேலாளரின் தரகு வழக்கமாக 15 முதல் 20 சதவீதம், நிகழ்ச்சி முகவருக்கு 10, கணக்கு மேலாளருக்கு 5 என்ற அளவில் இருக்கும். இவை பெரும்பாலும் மொத்த வருமானத்தின் மீது கணக்கிடப்படும், லாபத்தின் மீதல்ல. மேடையில் ஒரு விளக்கு எரிவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போய்விடலாம். பிறகு லாரிகள், பஸ்கள், விமான டிக்கெட், ஒலி ஒளிக் கருவிகள், உதவியாளர்களின் சம்பளம், ஓட்டல், காப்பீடு. யாரும் எதையும் திருடாமலேயே நூறு ரூபாய் பத்து ரூபாயாக ஆகிவிடும் அமைப்பு இது. பயணம் நஷ்டத்தில் முடிந்தாலும் தரகு வாங்குபவர்களுக்கு நஷ்டமில்லை. லொம்பார்டோவின் உண்மையான குறை சதவீதத்தைப் பற்றியதைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது என்றே நான் படிக்கிறேன். 90 நியாயமா இல்லையா என்று சொல்லும் ஒரே ஆவணம் அதுதான், அதைத் திறந்து பார்க்கும் உரிமை தனக்கு இல்லை என்பதுதான் அவருடைய புகார்.

அவர் பக்கத்துப் பலவீனத்தையும் எழுத வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிபந்தனை வைப்பது கூர்மையான ஆயுதம். மாற்று ஆள் கிடைக்காதபோது மட்டுமே அது வெட்டும். அவருடைய இடத்தில் மாற்று ஆட்களை வைத்து ஸ்லேயர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழகியிருந்தது. ஹானமன் உடல்நலமின்றி மேடைக்கு வர முடியாத நிலையில், பாடல்களை எழுதிய கிங்கும் பாடுகிற அராயாவும் இருந்தால் பெயர்ப்பலகையை மாட்டலாம் என்ற நிலையும் இருந்தது. கணக்கைப் பார்க்கும் உரிமையை அவர் கேட்டிருக்க வேண்டிய தருணம் 2001. அப்போது அவர்களுக்குத்தான் அவசரமாக ஆள் தேவைப்பட்டது.

பாட்டில் பெயர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. பிளாக் சபாத் குழுவின் டிரம்மர் பில் வார்ட் இதற்கு எதிர்ச்சான்று. 1970களின் ஆல்பங்களில் நால்வரின் பெயரும் எழுதியவர்கள் வரிசையில் உண்டு. ஆனாலும் 2011 நவம்பரில் அறிவித்த மறு இணைப்பிலிருந்து, கையெழுத்திட முடியாத ஒப்பந்தம் என்று சொல்லி அவர் ஒதுங்க நேர்ந்தது. 2013 ஆல்பத்தில் பிராட் வில்க் வாசித்தார். வார்ட் பழைய மூவரோடு மேடையேறியது 2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமில், குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசி நிகழ்ச்சியில். பழைய பாடல்களுக்கான பணத்தைப் பதிப்புரிமை காக்கும், புதிய மேடையில் இடம் வாங்கித் தராது.

2013க்குப் பிறகு லொம்பார்டோ எந்த ஒரு குழுவையும் நம்பி உட்காரவில்லை. 2016இல் சூசைடல் டென்டன்சீஸ் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டு மறு இணைப்பு கண்ட மிஸ்ஃபிட்ஸ் அவரைத்தான் டிரம்ஸுக்கு அழைத்தது. 2017இல் பேட்டனோடு டெட் கிராஸ், 2020இல் மிஸ்டர் பங்கிள் என்ற குழுக்கள். 2023 மே மாதம் ‘ரைட்ஸ் ஆஃப் பெர்கஷன்’ என்ற தனி ஆல்பம், முழுக்கத் தாள வாத்தியங்களை நடுநாயகமாக வைத்தது. ஒரு வகையில் இது கூலிக்கு வாசிக்கும் நிலைதான். ஆனால் ஒரே நேரத்தில் பல வாசல்கள் திறந்திருக்கும்போது கூலியைப் பேசும் குரல் வேறாக இருக்கும். ஸ்லேயர் 2019இல் விடைபெற்று 2024இல் மீண்டும் மேடையேறியபோது டிரம்ஸில் இருந்தவர் போஸ்டாஃப்.

2022இல் டெஸ்டமென்ட் குழுவுக்கும் அவர் திரும்பியிருந்தார். அடுத்த ஆண்டே அதிலிருந்து விலகினார். காரணம் என்று சொல்லப்பட்டது தேதிகள் ஒத்துவராதது. கிறிஸ் டோவாஸ் என்ற இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார், லொம்பார்டோ தன் அடுத்த பயணத்துக்குப் போனார்.